ஒன்பதாம் நம்பர் காற்று

பொறாமையில் ஊர் ஒப்புக்கொண்ட பொறாமை என்று சில உண்டு. பங்காளியின் கிணற்றில் தண்ணீர் ஊறினால் படலாம். பக்கத்துக் கழனியில் மல்லாட்டை நன்றாக விளைந்தால் படலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து ஒருவன் வயிறு எரிந்தால், அதை எந்த டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியும்? பஸ் டிரைவர் ஜெயராமனுக்கு அப்படித்தான் எரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் முழுவதும் எரிந்தது.

அவன் லேசுப்பட்ட டிரைவர் இல்லை. செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்கு அமாவாசை ஸ்பெஷல் ஓட்டுகிறவன். கூரைமேல் ஆள், ஏணியில் ஆள், படியில் கொத்தாக ஆள் என்று தொங்கும் வண்டியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்துவான். அந்த ரோட்டில் எந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் எந்தக் குழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். குழி வருவதற்கு முன்பே கியர் இறங்கிவிடும், குலுங்குவதற்கு முன்பே ஸ்டீரிங் திரும்பிவிடும். அவனுடைய நைனா வல்லத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். அவரை ‘டேய்’ போட்டுக் கூப்பிட்ட வாய்களெல்லாம் இன்று மகனின் பஸ்ஸுக்குக் கைகாட்டி நிற்கின்றன. நிறுத்துவதா, வேண்டாமா என்பது ஜெயராமன் கையில் இருக்கிறது. அந்தக் கையைப் பற்றி அவனுக்குக் கர்வம் இல்லாமல் இருக்குமா?

மங்கை அவனைக் கட்டிக்கொண்டதே அந்தக் கையைப் பார்த்துத்தான். தளவானூர்ப் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்கு, அப்போது அந்த ரூட்டில் ஓடிய அவன் வண்டியில் வருவாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, அவன் கியர் போடும்போதெல்லாம் கையையே பார்ப்பாள். கண்ணாடியில் அவனும் அதைப் பார்ப்பான். இங்கிலீஷ் லோயர் பாஸ் பண்ணினாள், கல்யாணம் ஆயிற்று. ‘டிரைவர் பொண்டாட்டி எதுக்கு வேலைக்குப் போவணும்?’ என்று ஜெயராமன் கேட்டான். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏழு வருஷம் ஓட்டிவிட்டான். பிறந்த பெண் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறது.

இந்தக் குடும்பத்தில் கம்ப்யூட்டர் வந்து புகுந்தது பக்கத்து வீட்டு பஷீர் அகமதுவால். அவன் ஜெயராமனோடு ஒன்றாகப் படித்தவன், சவுதியில் வேலை. இரண்டு மாத லீவில் வந்தவன் கலர் டிவி, டேப் ரெக்கார்டர், அத்தரோடு ஒரு கறுப்புப் பலகையையும் கொண்டுவந்தான். பலகை நிறைய எழுத்துக் கட்டைகள். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனதாம். மூளை முழுவதும் அந்தப் பலகைக்குள்ளேயே இருக்கிறது என்று பஷீர் சொன்னபோது, அவன் மனைவி மெஹராஜ் பேகம் அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, “அரைக் கிலோ மூளைக்கா இவ்ளோ அலட்டல்?” என்றாள்.

அதோடு ஒரு கேசட் வந்திருந்தது. கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டால், பாட்டு வராது. ஐந்து நிமிஷம் கீச்சு கீச்சென்று காது கிழியக் கத்தும். கத்தி முடித்ததும் டிவியில் விமானம் ஓட்டுகிற இடம் வந்துவிடும். மேல்பாதி கண்ணாடி ஜன்னல். அதில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே நீலம் வானம், கீழே பச்சை பூமி. கீழ்ப்பாதியில் உயரம், வேகம், திசை என்று வட்ட வட்டமாக முள் கடிகாரங்கள். திருப்புவதற்கு நாலு கட்டை, வேகத்துக்கு இரண்டு கட்டை. ஏற்றி, மேலே ஒரு சுற்றுச் சுற்றி, ரன்வேயில் இறக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“ஜெயராமா, நீதான் முதல்ல ஒக்காரணும். நம்ம தெருவுல வேற எவனுக்குடா லைசன்ஸ் இருக்குது?” என்று பஷீரே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஜெயராமன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். ஏற்றிவிட்டான். ஏற்றுவது என்ன பெரிய வித்தை, வேகம் வந்தால் தானாக ஏறுகிறது. இரண்டாயிரம் அடி போனதும் பிடித்தது வினை. கோடு இடப்பக்கம் சரிந்தது, முள்ளெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஆடியது. பஷீர் உற்சாகமாகிவிட்டான்.

“இதான் டர்புலன்ஸ். காத்து தூக்கிப் போடறது. நான் வர்றப்ப பம்பாய்க்கு மேல இப்டித்தான் போட்டுச்சு. செத்தோம்னு கலிமாவே சொல்லிட்டேன்.”

ஜெயராமன் பஸ்காரன் செய்வதைச் செய்தான். இடப்பக்கம் சரிந்ததா, வலப்பக்கம் ஒடி. ஆனால் இந்த வண்டியில் கட்டையை அழுத்தினால் ஒரு மூச்சு கழித்துத்தான் திரும்பும். திரும்பவில்லையே என்று அவன் இன்னொரு தடவை அழுத்துவான், இரண்டும் சேர்ந்து திரும்பும். ஐயோ என்று எதிர்ப்பக்கம் அழுத்துவான். உயரம் குறைகிறதே என்று மூக்கைத் தூக்குவான், வேகம் செத்துப்போகும். குழி எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்தே ஓட்டிப் பழகிய கை அது. வானத்தில் குழி கண்ணுக்குத் தெரியுமா? நாலு தடவை ஏற்றினான், நாலு தடவையும் பச்சையில் போய்ச் சொருகினான். மெஹராஜ் பேகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மங்கை உட்கார்ந்தாள். அவளாகக் கேட்கவில்லை. கேசட்டோடு வந்த சின்ன இங்கிலீஷ் புத்தகத்தை இரண்டு நாளாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். “படிச்சவளே ஓட்டிப் பாரு” என்று மெஹராஜ் பேகம்தான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஜெயராமன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றான். அந்தத் தெருவில் அவன் மனம் திறந்து சிரித்தது அதுதான் கடைசி.

அவள் விரல்களைக் கட்டைமேல் வைத்தாள், அதற்குப் பிறகு கட்டையைக் குனிந்தே பார்க்கவில்லை. டைப்ரைட்டிங் படித்த கை. கண் டிவியிலேயே இருந்தது. இரண்டாயிரம் அடியில் காற்று பிடித்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். கோடு சரிந்தபோது விட்டுவிட்டாள். இன்னும் சரிந்தது. இலேசாக ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். கோடு தானாக நேராயிற்று. இருநூறு அடி கீழே இறங்கினாள், அதைப் பிடிக்கப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்றே அவளை மேலே ஏற்றிவிட்டது. இரண்டாம் தடவையிலேயே இறக்கிவிட்டாள். இரண்டு குதி குதித்துத்தான் நின்றது, ஆனாலும் நின்றது.

“அல்லா!” என்று மெஹராஜ் பேகம் கை தட்டினாள். பஷீர் வாயைப் பிளந்தான்.

ஜெயராமன் அவள் முகத்தைப் பார்த்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்த அதே பார்வை. இப்போது அது டிவிப் பெட்டிமேல் இருந்தது. அவன் என்று ஒருவன் பக்கத்தில் நிற்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. வயிற்றில் முதல் பொறி விழுந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு தெருவே கூடிவிட்டது. மங்கை சமையலை முடித்துவிட்டு வந்தால்தான் ஆட்டம் ஆரம்பம். “மங்கை வந்துட்டாளா?” என்று கேட்டுக்கொண்டு நாகம்மாள் ஒரு பக்கம், ராஜாம்பாள் ஒரு பக்கம் வருவார்கள். ஜெயராமன் டூட்டி முடிந்து வந்தால் அவனுக்கு ஒரே ஒரு வேலை மிச்சம் இருந்தது. கேசட் போடுவது. டேப் ரெக்கார்டரின் சத்தத்தைச் சரியான அளவில் திருகி வைத்தால்தான் விளையாட்டு ஏறும், அந்த அளவு அவனுக்குக் கைவந்திருந்தது. ஏறியதும் டிவி சில கேள்வி கேட்கும். காற்று எவ்வளவு வேண்டும், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. மூன்று என்று போடுவார்கள். அதையும் அவன்தான் போடுவான். மேல்மலையனூர் ஸ்பெஷல் டிரைவருக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

கண்டக்டர் தனகோட்டிக்கு விஷயம் எப்படிப் போனதோ, ஒருநாள் வண்டி கிளம்பும்போது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டான்.

“இன்னா ஜெயராமா, ஒன் வூட்டுக்காரம்மா ஏரோப்ளேன் ஓட்டுதாமே? நீ கீழ வுட்டதெல்லாம் அது மேல தூக்குதாமே?”

வண்டி முழுவதும் சிரித்தது. அன்றைக்கு வல்லம் தாண்டுவதற்குள் ஜெயராமன் மூன்று ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய்விட்டான்.

அவனும் விட்டுவிடவில்லை. லீவு நாளில் பகலில் போய் உட்கார்ந்து பழகினான். பழகப் பழக மோசமாயிற்று. ரோஷத்தோடு அழுத்தினால் இன்னும் வேகமாகச் சொருகியது. ஒருநாள் சோறு போடும்போது மங்கை மெதுவாக ஆரம்பித்தாள்.

“நீ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திருப்புற மாமா. அங்கதான் போவுது. புக்குல போட்டுருக்குது, றெக்கைய நேரா வெச்சிக்க, ஸ்பீட கொறச்சிக்க, அது ஏறுனா ஏறட்டும், எறங்குனா எறங்கட்டும்னு.”

“எனக்கு வண்டி ஓட்ட நீ கத்துக் குடுக்கிறியா?”

“வண்டி இல்ல மாமா, அது...”

“பதினோரு வருஷமா ஆயிரம் உசுர வெச்சி ஓட்டறேன். நீ டிவியில பொம்ம ஓட்டற.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவள் அதற்கப்புறம் சொல்லிக் கொடுக்க வரவில்லை. அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை. சொன்னாலும் எரிந்தது, சொல்லாவிட்டாலும் எரிந்தது. பொறாமைக்காரனோடு குடித்தனம் பண்ணுவது அப்படித்தான்.

இதோடு நின்றிருந்தால் பஷீர் சவுதிக்குத் திரும்பிப் போனதும் எல்லாம் ஆறியிருக்கும். திண்டிவனம் ரோட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த ரங்கநாதன் இடையில் வந்தார். மங்கைக்கு லோயர் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மெட்ராஸிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார், பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தர மிஷினைக் கண்டு பயப்படாத ஒரு பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பஷீர் பஜாரில் அவரைப் பார்த்து வாயை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து மங்கை கம்ப்யூட்டரைக் கையாள்வதைப் பார்க்கிறேன், பிடித்திருந்தால் வேலை என்று சொல்லியனுப்பினார்.

மங்கை அதை ஜெயராமனிடம் சொன்னாள். சொல்லும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “போவட்டா மாமா?” என்று கேட்கவில்லை. “ஞாயித்துக்கெழம வர்றாரு” என்று மட்டும் சொன்னாள்.

அவன் “ம்” என்றான். அன்று முழுவதும் அவனுக்கு ஒரே நினைப்பு. தெருவில் ‘டிரைவர் வீடு’ என்று சொன்னால்தான் அவன் வீடு எது என்று தெரியும். இனிமேல் ‘கம்ப்யூட்டர் டீச்சர் வீடு’ என்பார்கள். அவன் ‘கம்ப்யூட்டர் டீச்சர் வீட்டுக்காரர்’ ஆவான். நைனா காலத்திலிருந்து கூலிக்குப் போய்ப் போய் முதல்முறையாக வீட்டுக்கு ஒரு பேர் வந்தது, அது அவன் சம்பாதித்த பேர். அதை அவள் பத்து விரலால் அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவனுக்கு அழுகை வந்தது, கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மெஹராஜ் பேகம் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. ரங்கநாதன் கதர்ச் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். மங்கை ஊதா நிறச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். விரல்களைச் சேலையில் துடைத்துத் துடைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“ஜெயராமா, கேசட்ட போடு” என்று சொல்லிவிட்டு பஷீர் ரங்கநாதனிடம் சவுதி வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

ஜெயராமன் போட்டான், கத்தி முடித்தது. டிவி கேள்வி கேட்டது. காற்று எவ்வளவு? யாரும் டிவியைப் பார்க்கவில்லை. விரல் மூன்றுக்குத்தான் போயிற்று. அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு அந்த வரிசையிலேயே வலப்பக்கமாக நகர்ந்து ஒன்பதை அழுத்தியது. விரல் தானாகப் போயிற்று என்று சொல்லலாம், ஜெயராமனும் கொஞ்ச நாள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டான். பச்சைப் பொய். அவன்தான் அழுத்தினான், தெரிந்தே அழுத்தினான். ஒன்பதில் பஷீர்கூட ஒரு தடவையும் உயிரோடு இறங்கியதில்லை.

மங்கை ஏற்றினாள். ஆயிரம் அடி வரைக்கும் அமைதி. “சபாஷ்” என்றார் ரங்கநாதன். இரண்டாயிரம் அடி தொட்டதும் வானம் பிய்த்துக்கொண்டது. கோடு சரியவில்லை, குத்துக்கு நின்றது. முள்ளெல்லாம் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டன.

மங்கை ஒரே ஒரு தடவை கண்ணை எடுத்து ஜெயராமனைப் பார்த்தாள். உதவிக்குப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்தான். முகத்தை ஒன்றும் தெரியாதவன் மாதிரி வைத்துக்கொண்டான். அவள் டிவிக்குத் திரும்பிவிட்டாள்.

வேகத்தைக் குறைத்தாள். கோடு குத்துக்கு நிற்கும்போது ஒரு தட்டு. காத்திருந்தாள். எதிர்ப்பக்கம் சரிந்தது. தொடவில்லை. ஆயிரத்து நானூறு அடி. ஆயிரத்து நூறு. “தூக்கு தங்கச்சி, மூக்கத் தூக்கு!” என்று பஷீர் கத்தினான். அவள் தூக்கவில்லை. எழுநூறு அடி. நாகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். விழட்டும், விழட்டும் என்று ஜெயராமன் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவனின் வலது கால் சிமென்ட் தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அதை அவன் கவனித்தபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் காலை எடுக்க முடியவில்லை.

ஐந்நூறு அடியில் காற்று அவளைப் பிடித்து மேலே எறிந்தது. ஆயிரத்து முந்நூறு. அதற்கும் அவள் சந்தோஷப்படவில்லை, கோட்டை மட்டும் நேராக வைத்துக்கொண்டாள். அப்படியே ஆடி ஆடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ரன்வே தெரிந்தது, விலகியது, மறுபடி தெரிந்தது. மூன்று குதி குதித்து, ஓரத்துப் பச்சையில் பாதிச் சக்கரம் இறங்கி, நின்றது.

கூடம் ஓவென்று கத்தியது. ரங்கநாதன் எழுந்து நின்றுவிட்டார். அவள் உள்ளங்கை இரண்டையும் முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் முடிந்தால் டிவியில் ஒரு பக்கம் வரும். எவ்வளவு நேரம் ஓட்டினார்கள், எவ்வளவு உயரம் போனார்கள், காற்று எத்தனை என்று. பஷீர் அதைப் படித்தான்.

“ஒம்போதா? யார்றா ஒம்போது போட்டது?”

கேசட் போட்டவன் யார் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லா முகமும் ஜெயராமன் பக்கம் திரும்பியது.

“நான்தான் பாய் போடச் சொன்னேன்” என்றாள் மங்கை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சாரு இவ்ளோ தூரம் வர்றாரு. மூணுல ஓட்டிக் காட்டுனா இன்னா இருக்குது? அதான் இவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாது? என் உசுரே போச்சு!” என்று பஷீர் நெஞ்சைத் தடவிக்கொண்டான். ரங்கநாதனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படித் துணிச்சலான பெண்தான் வேண்டும், ஒன்றாம் தேதியே வந்து சேரட்டும் என்றார். பிறகு அந்தக் காலத்து மரியாதைப்படி ஜெயராமன் பக்கம் திரும்பினார்.

“டிரைவர், நீங்க என்ன சொல்றீங்க? உங்க சம்மதம் வேணுமில்ல?”

ஜெயராமன் பதில்களைத் தயாராக வைத்திருந்தான். பெண் குழந்தை சின்னது, வீட்டில் ஆள் இல்லை, எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. ஒன்று போதும், வேலை போய்விடும். ஆனால் இப்போதுதான் இத்தனை பேருக்கு முன்னால் அவள் அவனுக்காகப் பொய் சொல்லியிருந்தாள். மங்கை அவனைப் பார்க்கவில்லை, டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை எடுத்து அதன் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அவ இஷ்டம் சார்” என்றான்.

“ஒண்ணாந்தேதி காலையில வந்துடறேன் சார்” என்றாள் அவள், அவன் வாக்கியம் முடிந்த கையோடு.

அவன் பெரிய மனசு பண்ணிச் சொன்னதாக மெஹராஜ் பேகம் இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மனசாவது, மண்ணாவது. அவனுக்கு வேறு வழி இல்லை. அவளைக் கவிழ்க்கப் போனவனை அவள் காப்பாற்றிவிட்டாள் என்பது அவனுக்கு நன்றியாக இல்லை. அதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தார்கள். பெண் பக்கத்து வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருந்தது. மங்கை தலையில் வாடிய கனகாம்பரத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து அவள் திட்டுவதற்குக் காத்திருந்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம், சண்டையாகிவிட்டால் நிம்மதி. அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“எதுக்கு மாமா ஒம்போது போட்ட?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“நீ வுழணும்னுதான்.”

“வுழுந்திருந்தா?”

“சந்தோசப்பட்டிருப்பேன்.”

சொன்னபிறகு அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

“தெரியும்” என்றாள். “மேல போய் ஆட ஆரம்பிச்சதுமே இது மூணு இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. அப்பதான் திரும்பி ஒன் மூஞ்சியப் பாத்தேன். வேலைக்காவ ஓட்டியிருந்தா அங்கயே வுழுந்திருப்பேன் மாமா, கையெல்லாம் அப்டி நடுங்குச்சு. ஒன் மூஞ்சியப் பாத்தப்புறம் வுழறதா இல்ல.”

சொல்லிவிட்டு, சோறு இப்போதே போடட்டுமா, கொஞ்சம் ஆகட்டுமா என்று கேட்டாள்.